பச்சைப் பிளாஸ்திரியின் மரம்

திருப்புலி நாட்டு அண்ணாமலைக்கு அந்தத் தை மாதம் உடம்பு அரித்த அரிப்பில் கொல்லிமலையே நாலு விரற்கடை கிழக்கே நகர்ந்துவிட்டதாக வாசலூர்பட்டிப் படகுத்துறைக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். நாலு என்பது கொஞ்சம் கூட்டிச் சொல்வது. இரண்டு இருக்கும்.

ஆரம்பம் என்னவோ சின்ன விஷயம்தான். அண்ணாமலை மிளகு பறித்துக்கொண்டிருந்தார். சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த ஒற்றை மூங்கில்தான் ஏணி. கணுவுக்குக் கணு, கால் கட்டைவிரல் மட்டும் ஊன்றுகிற அளவுக்கு இடம். இடுப்பில் சாக்குப்பை, ஒரு கை கொடியில், ஒரு கை மூங்கிலில், தரையோ இருபதடி கீழே. அந்த ஏணியில் நிற்கிற மனுஷனுக்கு மூளை இல்லாவிட்டாலும் சமாளித்துக்கொள்ளலாம், கைப்பிடி இல்லாமல் முடியாது. அன்றைக்கு ஒரு காய்ந்த குச்சி இடது முழங்கையில் விரல் நீளத்துக்குக் கீறிவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் ஏதாவது இலையைக் கசக்கி வைத்துவிட்டு மறுபடி ஏறியிருப்பார். அவருடைய நேரம், அந்தச் சமயம் பார்த்து மலைமக்கள் சரும நல வாரியத்தின் வேன் வந்து சேர்ந்தது.

வாரியத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அது வருவதற்கு முன்னால் மலைமக்களுக்கு வெறும் தோல்தான் இருந்தது. வாரியம் வந்த பிறகுதான் சருமம் வந்தது. சருமம் வந்ததும் அதற்கு ஓர் இயக்குநர், ஒரு மருத்துவர், ஒரு நர்ஸ், ஒரு எழுத்தர், படகுத்துறைக்குப் பக்கத்தில் ஏரியைப் பார்த்தபடி ஒரு கட்டிடம் எல்லாம் தாமாகவே வந்து சேர்ந்தன. வாரியத்தின் ஒரே கண்டுபிடிப்பு பச்சைப் பிளாஸ்திரி. நாலு விரல் நீளம், இரண்டு விரல் அகலம். வேன் ஒலிபெருக்கி அதைப் பற்றி மலை அதிரச் சொல்லிக்கொண்டு போகும்: "நூற்றுக்கு நூறு இயற்கை! மரத்துப் பிசினில் செய்தது! மரத்திலிருந்து நேராக மக்கள் மேனிக்கு!"

நர்ஸ் சங்கீதா அண்ணாமலையின் கீறலில் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனாள். அவள் அதே நாட்டுப் பெண். அண்ணாமலைக்குத் தம்பி மகள் முறை.

மூன்றாம் நாள் கீறல் ஆறிவிட்டது. பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடம் ஆறவில்லை. நாலு விரல் நீளம், இரண்டு விரல் அகலம், நாலு மூலையும் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர். உள்ளே செக்கச்செவேலென்று, கேழ்வரகு தூவினாற்போலக் கொப்புளம். அரிப்பென்றால் சாதாரண அரிப்பில்லை. கை வைத்தால் நிறுத்த முடியாது, கை வைக்காவிட்டால் நிற்க முடியாது.

அண்ணாமலை பயப்படவில்லை. மரத்தின் பால் பட்டுத் தோல் வெந்தால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும். சின்ன வயதில் சேங்கொட்டை மரத்தில் சாய்ந்து தூங்கி, முகம் பலாப்பழமாக வீங்கி எழுந்தவர். அதற்கு அவர்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. எந்த மரம் கோபித்ததோ அந்த மரத்துக்கே போக வேண்டும். செருப்பில்லாமல் வலமாக மூன்று சுற்று, அடியில் மூன்று பிடி மண், பிறகு, "மாமோ, நானு உம்பட மருமகன். மருமகனை எரிக்கறது மொறையில்லை" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். ஏழு நாள். உறவு சொன்ன பிறகு எந்த மரமும் கை வைப்பதில்லை.

இரண்டு விஷயத்தில் மட்டும் தப்பு வரக்கூடாது. அமாவாசைக்குள் சுற்ற ஆரம்பித்துவிட வேண்டும்; தவறினால் அரிப்பு அடுத்த தை வரைக்கும் உடம்பிலேயே குடியிருக்கும். அப்புறம், மரம் மாறிப் போய்விடக் கூடாது. வேறு மரத்தைச் சுற்றினால், 'செவனேன்னு நின்ன என்னை எதுக்குடா சந்தேகப்பட்டே' என்று அதுவும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே அண்ணாமலைக்கு மருந்து வேண்டியிருக்கவில்லை, மன்னிப்புக் கடிதமும் வேண்டியிருக்கவில்லை. மரத்தின் பேர் ஒன்றுதான் வேண்டும். அமாவாசைக்கு இன்னும் பதினோரு நாள். கொடியில் மிளகு சிவக்க ஆரம்பித்திருந்தது.

பஸ் பிடித்து வாசலூர்பட்டிக்குப் போனார்.

வாரியத்தின் வாசலில் எழுத்தர் தனபால் உட்கார்ந்திருந்தார். "கையை நீட்டுங்க" என்றார். நீட்டினார். மணிக்கட்டில் ஒரு பச்சைப் பிளாஸ்திரி விழுந்தது. மேலே 'டோக்கன் 7' என்று அச்சடித்திருந்தது.

"இது எதுக்குங்க?"

"முந்தி காகிதத்துலதான் குடுத்தோம். குரங்கு புடுங்கிக்கிட்டு வரிசையில நிக்குது. ரெண்டு குரங்கு டாக்டரையே பாத்துட்டுப் போயிருச்சு. அதுலிருந்து தோல்லதான் ஒட்டறது. சொல்லுங்க, என்ன தொந்தரவு?"

"அரிக்குதுங்க. உங்க பிளாஸ்திரி ஒட்டுன எடத்துல."

தனபால் பேனாவைக் கீழே வைத்தார். "பிளாஸ்திரியால அரிக்காதுங்க. அது இயற்கை."

"அரிக்குதுங்களே."

"இயற்கையால அரிச்சா அது அரிப்புல சேராதுங்க. விதி பதினாலு. நான் 'மேனி உணர்வு'ன்னு எழுதிக்கறேன். உணர்வு எத்தனை நாளா இருக்குது?"

"மூணு நாளாங்க. அது கெடக்கட்டும் விடுங்க. ஒண்ணே ஒண்ணு சொன்னீங்கன்னா நான் போயிட்டே இருப்பேன். இது எந்த மரத்துப் பிசினுங்க?"

"மரத்துப் பிசின்."

"ஆமாங்க. எந்த மரம்?"

"இயற்கை மரம்."

"வேங்கையா, பலாவா, குங்கிலியமா? அதுக்குன்னு ஒரு பேரு இருக்குமில்லீங்க?"

தனபால் பதினோரு வருஷமாக அந்த நாற்காலியில் இருக்கிறவர். ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை. படிவத்தை முன்னால் பார்த்தார், பின்னால் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "மரத்துக்குக் கட்டமே இல்லீங்களே" என்றார். அவர் குரலில் இருந்தது வருத்தம்தான், பொய் சொல்லக்கூடாது.

"ஓரத்துல எழுதிக்கங்க சாமி."

"ஓரத்துல இயக்குநர் மட்டுந்தான் எழுதலாம்."

கடைசியில் 'கேள்வி நிலுவையில் உள்ளது' என்ற பிளாஸ்திரியை எடுத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லி, நெஞ்சில் ஒட்டினார். புகார் எண்ணை மற்ற மணிக்கட்டில் ஒட்டினார். பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியைக் கழுத்துக்குப் பின்னால் ஒட்டினார். எதையும் ஐந்து நாளைக்குப் பிரிக்கக்கூடாது. பிரித்தால் புகார் காலாவதி.

ஐந்து நாளும் அண்ணாமலை ஓரிடத்தில் உட்காரவில்லை. வாசல்படியில் உட்கார்ந்தால் நிலையில் முதுகைத் தேய்ப்பார். எழுந்து பலாமரத்துக்குப் போவார். அங்கிருந்து மாட்டுக் கொட்டகைத் தூணுக்கு. பக்கத்துக் காட்டுக்காரரின் எருமை அவர் தூணில் தேய்ப்பதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மரியாதையாக ஒதுங்கி இடம்விட்டது. மக்காச்சோளச் சக்கையால் தேய்த்தார். தேங்காய் நாரால் தேய்த்தார். ஒரு தடவை தேய்த்துக்கொண்டே பேசிக்கொண்டே நடந்ததில் குச்சிவள்ளிக் கிழங்குக் காட்டைத் தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் போய்விட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தார்.

அவர் மனைவி பொன்னாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். "ஊட்ல ரேஷன் கார்டு ரெண்டு நாளாக் காணோம். உங்க ஒடம்புல எங்கியாச்சும் ஒட்டியிருக்குதான்னு திரும்புங்க, பாக்கறேன்" என்றாள். பிறகு கொடிப்பக்கம் பார்த்துக் குரலை இறக்கினாள். "மொளகு செவந்து தொங்குது. மைனாவுக்கு ஆக்கிப்போட்டாப்புல இருக்குது. ஏறுவீங்களா, மாட்டீங்களா?"

ஏறிப் பார்த்தார். மணிக்கட்டு இரண்டும் வீங்கிக்கிடந்ததால் மூங்கிலைச் சுற்றி விரல் மூடவில்லை. மூன்றாவது கணுவில் பிடி நழுவி, மூங்கிலைக் கட்டிக்கொண்டே சறுக்கி வந்து நின்றார். நின்ற இடத்திலேயே சொறிந்தார். வேறு ஆள் வைத்துப் பறிக்கலாம் என்றால் அந்த மாதம் மலையில் ஏணி ஏறத் தெரிந்தவன் ஒருத்தனும் தரையில் இல்லை.

அமாவாசைக்கு ஆறு நாள். மறுபடி வாசலூர்பட்டி.

இந்தத் தடவை சோதனை. சங்கீதா அவரைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் பத்துக் கட்டம் போட்டாள். கட்டத்துக்கு ஒரு பொருளாகப் பத்துச் சொட்டு வைத்தாள். வைத்துவிட்டு டர்ரென்று ரோலைப் பிரிக்கிற சத்தம் கேட்டது.

"எதுல ஒட்டறே கண்ணு?"

"பச்சைப் பிளாஸ்திரிலதான் பெரிப்பா. வேற எதுலயும் ஒட்ட எங்களுக்கு அனுமதியில்ல."

"அதுதானே அரிக்குதுங்கறேன்!"

"அது அரிக்குதான்னு கண்டுபுடிக்கத்தான் சோதனை."

"அப்ப அதுவும் ஒரு கட்டத்துல இருக்குதா?"

"கட்டத்துக்குள்ள இல்ல பெரிப்பா. கட்டத்தைப் புடிச்சுக்கிட்டு வெளிய இருக்கும்." சங்கீதா குனிந்து காதருகே வந்து தன் விரல்களைக் காட்டினாள். பத்து விரல் நுனியும் உரித்த வெங்காயமாக இருந்தன. "எனக்கும்தான் அரிக்குது. ஊழியருக்கு ஏப்ரலுக்கு மேலதான் அரிக்கலாம்னு சுற்றறிக்கை வந்திருக்குது. கம்முனு படுங்க."

முதுகு முழுக்க ஒட்டி முடித்த பிறகுதான் சொன்னாள்: இரண்டு நாள் கழித்து முடிவு பார்ப்பது இங்கே இல்லையாம். மலைமேல் குளிர்; குளிரில் எல்லாருடைய தோலும் கொஞ்சம் சிவக்கும்; உண்மையான சிவப்பு அடிவாரத்தில்தான் தெரியும் என்று வாரியம் ஆராய்ந்து கண்டிருக்கிறது. ஆகவே மருத்துவர் ஜெயசுதா காரவள்ளியில் உட்கார்ந்திருக்கிறார்.

கொண்டை ஊசி வளைவு எழுபது. எழுபதுக்கும் அண்ணாமலை சீட்டில் சாயவில்லை, சாய முடியவில்லை. நின்றுகொண்டு கம்பியில் முதுகைக் கொடுத்தார். பஸ் இடப்பக்கம் திரும்பினால் இவர் வலப்பக்கம் தேய்த்தார்; வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கம். "ஏனுங்க, கொஞ்சம் நிப்பாட்டுங்க, வண்டி உங்க பக்கமே போகுது" என்று டிரைவர் கெஞ்சினார். நாற்பத்தோராவது வளைவுக்குள் கம்பியில் பெயிண்ட் போய்விட்டது. அறுபதாவது வளைவில் அதில் முகம் தெரிந்தது. கண்டக்டர் அதைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டார்.

மருத்துவர் ஜெயசுதா நல்ல மனுஷி. பிளாஸ்திரியைப் பிரித்ததும் "ஐயையோ" என்றுகூடச் சொன்னார். சொன்னது தப்பு என்று உடனே தெரிந்துகொண்டு, மேசைக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்தார். அதில் பத்து ஜன்னல் வெட்டியிருந்தது. அட்டையை அண்ணாமலையின் முதுகில் வைத்து, ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தார்.

"ஒன்று, இல்லை. இரண்டு, இல்லை. மூன்று..." பத்தும் இல்லை. "வாழ்த்துகள். உங்களுக்கு எதுவும் ஒத்துக்கொள்ளாமல் இல்லை."

"அம்மா, ஜன்னலுக்கு வெளியில கொஞ்சம் பாருங்க. தீ வெச்சாப்புல எரியுது."

"ஜன்னலுக்கு வெளியே பார்க்க எனக்கு அதிகாரம் இல்லைங்க. அது அட்டைக்கு அடியில் வருது."

"அட்டையை எடுத்துட்டா?"

"எடுத்துவிட்டால் எது ஜன்னல், எது வெளி என்று எனக்கு எப்படித் தெரியும்?" மருத்துவர் அட்டையை விரலால் தட்டிக் காட்டினார்: "நாலாவது ஜன்னலில் இருப்பது மரத்துப் பிசின்தான். மரத்தில் வடித்தது அப்படியே. உங்கள் தோல் ஒன்றும் செய்யவில்லை பாருங்கள்."

அண்ணாமலை சொறிவதை நிறுத்தினார். அது பத்து நாளில் முதல் தடவை. "அப்ப மரத்துக்கு எம்மேல கோவமே இல்லீங்களா?"

"மரத்துக்கா? இல்லை."

"பின்ன என்னை அரிக்கிறது யாருங்க?"

"பிளாஸ்திரியில் இருப்பது மரத்துப் பிசின் இல்லைங்க. திருத்திய பிசின். கெமிக்கல் போட்டு மாற்றியது. அந்தத் திருத்தியது சோதனையில் இல்லை. திருத்தாததுதான் சோதனைக்கு வரும்."

"எதுக்குங்க அப்படி?"

"திருத்திய பிறகு மறுபடி சோதித்தால், திருத்தினவர்களைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகுமில்லையா?"

'சோதனையில் தேறினார்' என்ற பிளாஸ்திரியை அவர் இடுப்பில் ஒட்டி அனுப்பினார்கள். மேலே இடம் இல்லை.

அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது வாரியத்தில் குறைகேட்பு நாள் வந்தது. இயக்குநர் ராஜதுரை சேலத்திலிருந்து காரில் வந்து இறங்கினார். முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். அதே நாட்டுக் கண்ணாயி முழங்காலில் பச்சைப் பிளாஸ்திரியோடு வந்திருந்தாள், ஒருத்தர் காதில், ஒருத்தர் சொல்ல முடியாத இடத்தில். எல்லாரும் சொறிந்துகொண்டிருந்ததால், யாரோ கை தட்டுகிறார்கள் என்று நினைத்து இயக்குநர் வணக்கம் சொன்னார்.

பேசவும் பேசினார்.

"பெரியோர்களே, இயற்கை நல்லதுதான். நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒழுக்கம் போதாது. மரத்திலிருந்து வரும் பிசின் இருக்கிறதே, வெயிலில் உருகுகிறது, குளிரில் உதிர்கிறது, ஒட்டு என்றால் ஒட்டுவதில்லை, விடு என்றால் விடுவதில்லை. அதை நாங்கள் அப்படியே விட்டுவிட்டோமா? கொதிக்க வைத்தோம். அமிலத்தோடு பழக வைத்தோம். கிளிசரினுக்குக் கட்டிக்கொடுத்தோம். இன்றைக்கு அதில் மரம் என்று சொல்ல ஒரு துளிகூட மிச்சமில்லை. அவ்வளவு தூய்மையான இயற்கை! உலகத்திலேயே மரத்தைவிட இயற்கையான பிசின் நம்மிடம்தான் இருக்கிறது. இதனால் யாருக்காவது அரிப்பு வந்ததா என்று எங்கள் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தேன். ஒருவருக்கும் இல்லை. 'உணர்வு' மட்டும் நாலாயிரத்துச் சொச்சம் பேருக்கு வந்திருக்கிறது. இது மக்கள் நம்மேல் வைத்திருக்கும் உணர்வு!"

திருத்தின பிசினுக்கும் ஒரு மரம் இருந்தாக வேண்டும் என்று அண்ணாமலை கையைத் தூக்கினார். தூக்கின கையில் நாலு பிளாஸ்திரி இருந்ததால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்த மரம்ங்க?"

இயக்குநருக்குக் கேள்வி புரியவில்லை. தனபால் காதில் சொன்னார். புரிந்த பிறகு கோபம் வந்தது. ஆனால் செய்தியாளர் ஒருத்தர் இருந்தார். "மூலப் பதிவேட்டைக் கொண்டுவாருங்கள்" என்றார்.

பதிவேட்டை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். பிளாஸ்திரி எங்கேயிருந்து வந்தது? கிடங்கிலிருந்து. கிடங்குக்கு? டிப்போவிலிருந்து. டிப்போவுக்கு? தலைமையகத்திலிருந்து. தலைமையகத்துக்கு? இயக்குநர் விரலால் வரியைத் தடவிக்கொண்டே போய்க் கடைசிக் கட்டத்தில் நின்றார். நிமிர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"மூலம்: வாரியம்."

"அப்ப மரங்க?"

"மரம் கொடுத்தது வெறும் பிசின். அதை இப்போது இருக்கிற மாதிரி ஆக்கியது யார்? வாரியம். ஆகவே இதற்கு வேர், அடிமரம், கிளை, இலை, எல்லாம் வாரியம்தான். வேறெந்த மரமும் இதற்கு உரிமை கொண்டாட முடியாது. ஓரத்திலே எழுதுகிறேன், பாருங்கள்." எழுதினார். முத்திரையும் வைத்தார். 'பதில் பெற்றுக்கொண்டேன்' என்ற பிளாஸ்திரியை அண்ணாமலையின் வலது உள்ளங்கையில் தம் கையாலேயே ஒட்டினார். உடம்பில் மிச்சம் இருந்தது அந்த இடம்தான்.

அந்த அலுவலகம் திறந்த நாளிலிருந்து கேட்ட கேள்விக்குப் பதில் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வெளியே போன முதல் ஆள் அண்ணாமலைதான். "ரொம்ப நன்றிங்க சாமி, இதைத்தான் ஒம்போது நாளாக் கேட்டுக்கிட்டிருந்தேன்" என்று கும்பிட்டார். "நாளைக்கு வாரேன்."

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். வழியிலேயே உடம்பில் இருந்த பிளாஸ்திரி அத்தனையையும் உரித்தெறிந்திருந்தார். மாமனார் வீட்டுக்கு உடம்பெல்லாம் நோட்டீசோடு போவது அழகில்லை. செருப்பைப் படகுத்துறையில் விட்டார். வாரியக் கட்டிடத்தை வலமாக மூன்று சுற்றுச் சுற்றினார். வாசல்படியில் மூன்று பிடி மண் போட்டார். சுவரில் கை வைத்து, "மாமோ, நானு உம்பட மருமகன். மருமகனை எரிக்கறது மொறையில்லை" என்றார்.

தனபால் ஓடி வந்தார். "ஏனுங்க, டோக்கன் போடாம என்ன பண்றீங்க?"

"உள்ள வரலீங்களே. சுத்தறதுக்கும் டோக்கனுங்களா?"

தனபால் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். உள்ளே வருவதற்கு விதி இருந்தது. உள்ளே காத்திருப்பதற்கு இருந்தது. வெளியே போவதற்கு மூன்று இருந்தன. சுற்றுவதற்கு இல்லை. "விதி வர வரைக்கும் சுத்துங்க" என்று சொல்லிவிட்டு, தலைமையகத்துக்குக் கடிதம் எழுதப் போனார்.

இரண்டாம் நாள் கண்ணாயி சேர்ந்துகொண்டாள். "என்ன மொறை சொல்லிக் கூப்படறது?" என்று கேட்டாள். "நீ மருமகன்னு சொல்ல முடியாது. மருமவள்னு சொல்லு" என்றார் அண்ணாமலை. மூன்றாம் நாள் பதினைந்து பேர். நாலாம் நாள் சுற்றுலா வந்தவர்கள் இது என்ன கோயில் என்று விசாரித்து, வாசலில் தேங்காய் உடைத்துவிட்டுப் படகு ஏறினார்கள். ஐந்தாம் நாள் சங்கீதா விடுப்பு எழுதிப் போட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, தானும் சுற்றினாள். உள்ளே மருத்துவர் இல்லை, நர்ஸ் இல்லை, நோயாளி இல்லை. தனபால் மட்டும் ரோலை வைத்துக்கொண்டு, ஒட்ட ஒரு தோல் கிடைக்காமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஏழு நாளும் வெளியே சுற்றவே பொழுது சரியாக இருந்ததால் அண்ணாமலைக்கு உள்ளே போக நேரமில்லை. உள்ளே போகாததால் யாரும் அவர்மேல் எதையும் ஒட்டவில்லை. எட்டாம் நாள் காலையில் எழுந்தார், சொறியக் கையைத் தூக்கினார், எதற்குத் தூக்கினோம் என்று தெரியவில்லை. வீக்கம் வடிந்திருந்தது. விரல் மூடியது. மாமனார் மனசு இறங்கிவிட்டார் என்பதற்கு இதைவிடச் சாட்சி எதற்கு?

நேரே காட்டுக்குப் போய் மூங்கிலில் ஏறினார். பத்தாவது கணு, பதினைந்தாவது கணு. மைனாக்கள் திட்டிக்கொண்டே பறந்தன. கீழே பொன்னாயி சாக்கை விரித்துக்கொண்டு, "மேலயே ஆபீசு நடத்தாதீங்க, பறிச்சுப் போடுங்க" என்றாள்.

வாரியம் சும்மா இருக்குமா? 'மருந்தில்லாச் சிகிச்சையில் வாரியம் சாதனை' என்று பேப்பரில் வந்தது. அண்ணாமலைக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். பந்தல் போட்டு, இயக்குநரே வந்து, முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, தட்டிலிருந்து பதக்கத்தை எடுத்தார். வாரியத்தின் பதக்கம் ஊசி குத்துகிற சாதி இல்லை. பச்சைப் பிளாஸ்திரி. 'பூரண நலம் பெற்றவர்' என்று பொன்னெழுத்தில் இருந்தது. தொழிலுக்கு ஏற்ற இடமாக இருக்கட்டும் என்று, "எங்கே, ஏணி பிடிக்கிற அந்தக் கையை நீட்டுங்கள்" என்றார்.

அண்ணாமலை தன் உள்ளங்கையைப் பார்த்தார். கொடியில் இன்னும் பாதி மிளகு பாக்கியிருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"தப்பா நெனைக்கக் கூடாதுங்க. எங்க நாட்டுல வந்தவங்களுக்கு மொத மரியாதை பண்ணாம நாங்க எதையும் வாங்கறதில்லீங்க. ஐயா மொதல்ல வெச்சுக்கோணும்."

கூட்டம் கை தட்டியது. இயக்குநருக்கு மரியாதை என்றால் மறுக்கத் தெரியாது. "இப்படியொரு பண்பாடு!" என்று கண் கலங்கி, நெற்றியைக் காட்டினார். அண்ணாமலை இரண்டு விரல் நுனியால் ஓரத்தைப் பிடித்து எடுத்து, நாலு மூலையும் நேராக வைத்து ஒட்டினார். பதக்கம் ஒன்றுதான் அச்சடித்திருந்தார்கள். ஆகவே அதோடு விழா முடிந்தது. நெற்றியோடு இயக்குநர் படம் எடுத்துக்கொண்டார், ஏரியில் படகில் போனார், கொல்லிமலையிலேயே தங்கி மூன்று நாள் அதைப் பிரிக்காமல் எல்லாருக்கும் காட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, மிளகுச் சாக்கோடு அண்ணாமலை வாசலூர்பட்டியில் பஸ் மாற நின்றார். ஏரிமேல் பனி. படகுத்துறையில் ஒரு ஜோடி பளபளப்பான தோல் செருப்பு கிடந்தது. வாரியக் கட்டிடத்தின் ஓரமாக யாரோ தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் ஒரு பிடி மண்ணோடு, தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க ஐயா, எடமாச் சுத்தறீங்க. வலமாச் சுத்தோணும்."

இயக்குநர் ராஜதுரை திடுக்கிட்டுத் திரும்பினார். துண்டு நழுவியது. நெற்றியில் நாலு விரல் நீளம், இரண்டு விரல் அகலம், நாலு மூலையும் நேர். சிவப்புக்குள் கேழ்வரகு தூவியிருந்தது. கண் இரண்டும் அதன் கீழே இடம் போதாமல் ஒடுங்கியிருந்தன.

"என்னங்க ஐயா, உணர்வுங்களா?"

"அரிப்புய்யா!" அவர் கத்தியது ஏரிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அரிப்புய்யா, அரிப்பு. மூணு ராத்திரியா உட்கார முடியல. ஜெயசுதாகிட்டே போனா அட்டையை எடுத்துக்கிட்டு வருது. நீதான்யா சொல்லணும். மருமகன்னு சொல்லணுமா? நானே இயக்குநர் ஆச்சே, முறை தப்பாதா?"

"தப்பாதுங்க. மாமனாரூட்ல பெரிய பதவியில இருக்கற மருமகனுங்க எத்தனையோ பேரு."

இயக்குநர் வலமாகத் திரும்பினார். ஓரடி வைத்தவர் நின்று, கதவில் தொங்கிய பூட்டைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. பூட்டியிருக்குதேய்யா. பூட்டுன ஆபீசைச் சுத்தினாப் பலிக்குமா?"

பஸ் வந்துவிட்டது. அண்ணாமலை சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பூட்டியிருந்தாத்தாங்க பலிக்கும்."